வேலிப் பொட்டு அடைத்த வருடம்

பின்னேரமானால் எங்கள் வாசல் படலையடியில் அரசாங்கம் ஒருமுறை கவிழும். கவிழ்ப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் என் அப்பா. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபிறகு, "அவங்கடை பாசையிலை நான் சோதினை எழுதமாட்டன்" என்று அடம்பிடித்து, முதலில் பதவி உயர்வை இழந்து, பிறகு வேலையையே விட்டுவிட்டு வந்தவர். மற்றவர் பக்கத்து வளவுப் பென்சன் மாமா. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர். பயம் தெளிந்ததும் திரும்பக் கொழும்புக்கே போய், பென்சன் எடுத்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தார். மூன்றாவது ஆள் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவருக்கென்று சொந்தமாக ஒரு அபிப்பிராயமும் கிடையாது. கடைசியாகக் கதைத்தவர் யாரோ, அவர் பக்கம் நிற்பார்.

இவர்கள் மூவரும் கதைப்பதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அப்பா கதைத்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கலாம். அண்ணைக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தும், தரப்படுத்தல் என்று சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்காமல் விட்ட அன்று, படலையைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டது இப்போதும் என் காதில் கிடக்கிறது. "பிள்ளையின்ரை கெட்டித்தனத்தைப் பாக்காமல், அது எங்கை பிறந்தது, என்ன பாசை கதைக்குது எண்டு பாக்கிறவன் ஒரு மனிசனே?" சங்கக்கடை மனேச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

எங்கள் வீடு அரியாலையில், கண்டி ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. கடல்நீரேரி கிட்ட என்பதால் அங்கே ஒரு கிணறு இனித்தால் பக்கத்துக் கிணறு உவர்க்கும். எங்களுடையது நல்ல தண்ணீர். பென்சன் மாமா வீட்டுத் தண்ணீரில் குளிக்கலாம், தோய்க்கலாம். வாயில் வைக்க முடியாது. அதனால் இரண்டு வளவுக்கும் இடையிலிருந்த தென்னோலைக் கிடுகு வேலியில், ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருந்தோம். அதைத்தான் நாங்கள் பொட்டு என்போம். மாமி குடத்தோடு பொட்டுக்குள்ளால் வருவா, தண்ணீர் அள்ளுவா, அம்மாவோடு ஊர்க்கதை முழுக்கக் கதைத்துவிட்டுப் போவா.

எழுபத்தேழில் திரும்பவும் நாடு எரிந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்துக் கலைக்கப்பட்ட இந்திய வம்சாவளிச் சனம் லொறி லொறியாக வடக்கே வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. பென்சன் மாமா ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புருஷன், மனைவி, நான்கைந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. மாமா தன் வளவுக்குப் பின்னால் வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டிலைத் துப்புரவாக்கி அவர்களுக்குக் கொடுத்தார். அந்த மனிதர் மாமாவின் தோட்டத்தில் வேலை செய்தார். கூலி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். கதைப்பது குறைவு.

அவர்கள் வந்த அன்று பின்னேரம் படலையடியில் அப்பா ஒரு பிரசங்கமே வைத்தார். "உவையள் எங்கடை சனம். இண்டைக்கு அவையளை அடிச்சுக் கலைச்சவன் நாளைக்கு எங்களைக் கலைப்பான். கப்பலிலை ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிறதெண்டால் என்ன, ஆடு மாடே? இந்த நாட்டுக்கு உழைச்ச சனமெல்லே!" சங்கக்கடை மனேச்சர், "அதெண்டால் உண்மை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பாவைப் போல ஒரு ஆள் ஊரில் உண்டா என்று நினைத்தேன்.

கொட்டிலுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். உவர்த் தண்ணீர் ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "உந்தத் தண்ணியைக் குடுத்துக்கொண்டு என்னட்டை மருந்துக்கு வராதை" என்று தாயை ஏசிவிட்டாராம். பென்சன் மாமி தானே அவளைப் பொட்டுக்குள்ளால் எங்கள் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தா.

அம்மா மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு முறை இருந்தது. அந்தப் பெண் குடத்தைக் கிணற்றுக்கட்டுக்கு வெளியே வைக்கவேண்டும். அம்மா அள்ளி, கொஞ்சம் உயரத்தில் பிடித்து ஊற்றுவா. வாளியும் குடமும் முட்டக்கூடாது. கயிற்றை அவள் தொடக்கூடாது. நான் "இதென்னம்மா கண்டறியாத பழக்கம்?" என்று பாய்ந்தால், "வாயைப் பொத்து. தண்ணி குடுக்கிறன்தானே" என்பா. அந்தப் பெண் ஒன்றும் சொல்லமாட்டாள். குடம் நிறைந்ததும் "வர்றேங்கம்மா" என்று சொல்லிவிட்டு, பொட்டுக்குள்ளால் குனிந்து போவாள். பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் அது ஓடித்திரிகிற சத்தம் கேட்கும்.

பிறகு அம்மா காய்ச்சலில் படுத்தா. நான் ரியூசனுக்கு நல்லூருக்குப் போயிருந்தேன். குடத்தோடு வந்து நின்றவளைப் பார்த்து, அம்மா படுத்த பாயிலிருந்தே, "என்னால எழும்பேலாது. நீயே அள்ளு பிள்ளை" என்று சொல்லியிருக்கிறா. அவள் அள்ளினாள். அடுத்த நாளும் அள்ளினாள். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் அவளே அள்ளினாள். அம்மா தடுக்கவில்லை. முதுகு நோ என்று எனக்குச் சொன்னா. முதுகு நோவாகத்தான் இருக்கட்டுமே, அந்த உயரப் பிடித்து ஊற்றும் கூத்து ஒழிந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

ஒருநாள் சீனிக் கணக்குக் கதைக்க வந்த சங்கக்கடை மனேச்சர், அவள் எங்கள் கிணற்றுக்கட்டில் நின்று தண்ணீர் அள்ளுவதைக் கண்டுவிட்டார். அப்பாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. படலையடியில் அப்பா அன்றும் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்து படுத்தார்.

அதற்கடுத்த வருடம் மாரி வருவதற்கு முன் வேலி அடைத்தோம். எங்கள் ஊரில் வருடா வருடம் பழைய கிடுகைக் கழற்றிவிட்டுப் புதிதாக அடைப்பதுதான் வழக்கம். ஒரு ஆள் தனியாகச் செய்யமுடியாத வேலை அது. இந்தப் பக்கம் நிற்பவர் கயிறு கோர்த்த நீட்டுக் குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்தவேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் அதை வாங்கி, தடிக்கு அடுத்த பக்கத்தால் திருப்பிக் குத்திவிடவேண்டும். வேலி ஆளுயரத்துக்கு மேல். ஆளை ஆள் பார்க்க முடியாது. ஊசி மட்டும் போய்ப் போய் வரும்.

இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பென்சன் மாமா. எத்தனையோ வருடமாக அப்படித்தான். மாமா வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நிற்பார். அதனால் அப்பா கதைப்பார், மாமா "ம்" கொட்டுவார். நான் நனைத்து வைத்த கிடுகுகளை ஒவ்வொன்றாக அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் அண்ணையின் பயணக் கதை. அண்ணை ஜேர்மனிக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. ரஷ்யாக்காரனின் பிளேனில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குக்குப் போய், இந்த நாட்டில் இருக்கமுடியாது என்று சொல்லி அங்கே இருக்க இடம் கேட்பது. ஒழுங்கையில் இரண்டு பெடியன்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "அவங்கள் நல்ல சனமாம். கேட்டவுடனை இருக்க இடம், சாப்பாடு எல்லாம் குடுப்பினமாம்" என்றார் அப்பா. வேலிக்கு அங்காலிருந்து "ம்" வந்தது. ஊசியும் வந்தது.

வெயில் ஏறிவிட்டது. பொட்டு இருந்த இடத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம். அப்பா குரலைத் தணித்தார்.

"இஞ்சை கேளும், உம்மோடை ஒண்டு கதைக்கவேணும். இந்த முறை பொட்டையும் சேத்து அடைச்சுவிடுவம்."

ஊசி வந்தது.

"நீர் குறை நினையாதையும். உமக்கு வேண்டிய தண்ணியை நான் படலையாலை குடுத்துவிடுறன். உந்தச் சனத்தாலைதான் பிரச்சினை. அவள் கட்டிலை ஏறி நிண்டு தானே அள்ளுறாள். உவையள் என்ன ஆக்களெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு என்ரை பிள்ளையைப் பொம்பிளை பாக்க வாறவன் எங்கடை கிணத்தடியிலை உவளைக் கண்டால் என்ன நினைப்பான்?"

கிடுகை நீட்டியபடி நின்றேன். என் அப்பாவா? படலையைப் பிடித்துக்கொண்டு, எங்கே பிறந்தது, என்ன பாசை கதைக்குது என்று பார்க்கிறவன் மனிசனே என்று கேட்ட அதே மனிதரா?

"நீர் இரக்கப்பட்டுக் கூட்டிக்கொண்டு வந்தீர், சரி. வந்த சனம் கொஞ்ச நாள் இருந்திட்டு வெளிக்கிடவேணும். ஒருக்கா இடம் குடுத்தால் பிறகு எழுப்பேலாது. இந்தியாவுக்குக் கப்பல் விடுறாங்கள்தானே, பேரைப் பதிஞ்சு போகலாம். இஞ்சை கிடந்து என்ன செய்யப்போயினம்?"

"அப்பா!" என்றேன். "நீ சும்மா இரு. உனக்கொண்டும் விளங்காது" என்று என் கையிலிருந்த கிடுகைப் பறித்தார். பொட்டை மூடுவதற்காக அதை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

பொட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு முகம் குனிந்தது. மாமாவின் முகம் இல்லை. அந்த மலைநாட்டு மனிதரின் முகம். வெயிலில் மாமாவுக்குத் தலை சுற்றியதாம். மாமி அவரை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டு, இவரைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறா. எப்போது ஆள் மாறியதோ கடவுளுக்குத்தான் தெரியும். கையில் குத்தூசியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, இந்த வழியையும் அடைச்சிரட்டுங்களா?"

ஐயோ, அந்த நேரம் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நல்லதென்று இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கறுத்துப்போய்விட்டது. இப்போது வெட்கப்படுவார், கிடுகைக் கீழே போடுவார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஓம். அடை" என்றார்.

கிடுகு ஏறியது. முகம் மறைந்தது. ஊசி போனது, வந்தது. தன் பெண்சாதி தண்ணீருக்கு வருகிற வழியை அந்த மனிதர் தன் கையாலேயே கட்டி முடித்தார். கட்டும் நல்ல இறுக்கமான கட்டு.

அன்று பின்னேரம் அரசாங்கம் கவிழவில்லை. பென்சன் மாமா படலைக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "என்ன கதைச்சனீர் வேலிக்குள்ளாலை? அவன் ஒண்டும் சொல்லுறானில்லை. பொட்டை மட்டும் காணேல்லை" என்றார். அப்பா, "வேலி எண்டால் அடைக்கத்தானே வேணும்" என்றார். மாமா படலையைக் கையால் ஓங்கித் தட்டினார்.

"ஐம்பத்தெட்டிலை நான் கப்பலாலை இறங்கேக்கை, காங்கேசன்துறையிலை ஆரோ ஒரு பொம்பிளை செம்பிலை தண்ணி தந்தவள். நீ என்ன ஆள் எண்டு நானும் கேக்கேல்லை, அவளும் கேக்கேல்லை. விளங்குதோ?"

"அது வேறை. நீங்கள் எங்கடை ஊராக்கள்" என்றார் சங்கக்கடை மனேச்சர்.

"என்ன வேறை? அங்கை எங்களைக் கலைச்சவனும் இதைத்தான் சொன்னவன். அது வேறை, இது எங்கடை ஊர் எண்டு."

"அதெண்டாலும் உண்மைதான்" என்றார் மனேச்சர். எனக்கு அந்த மனிதரின் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்க்கவேண்டும் போல இருந்தது.

அப்பா விடவில்லை. தான் செய்தது எல்லாம் குடும்பத்துக்காக என்றார், ஊர் வாயை ஆர் மூடுவது என்றார், பொம்பிளைப் பிள்ளை வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும் என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "அவளை நான்தான் அள்ளச் சொன்னனான். என்னோடை கேட்டிருக்கலாம்" என்றா. அம்மா அப்படிப் படலையடியில் வந்து நின்று கதைத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அப்பா உள்ளே போய்விட்டார். பென்சன் மாமா அதற்குப் பிறகு வரவில்லை. கொடுத்துவிட்ட தண்ணீரும் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து அந்தப் பெண் ஒழுங்கை வழியே கண்டி ரோட்டடிப் பொதுக் கிணற்றுக்கு நடக்கத் தொடங்கினாள். போகும்போது எங்கள் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும். வெயிலில் அவ்வளவு தூரம் போய், நிறைகுடத்தோடு திரும்பி வருவாள். நான் படலையில் நின்றால் சிரிப்பாள். என்னால் சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

இதற்கிடையில் அண்ணையின் பயண நாள் வந்தது. ஸ்டேசனில் காலைக் கோச்சி பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பிளேன். வாடகைக் கார் ஒழுங்கையில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் யார் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டாலும் முழுவியளம் பார்ப்பார்கள். வெளியே கால் வைக்கும்போது முதலில் எதிர்ப்படும் ஆள் நல்ல ஆளாக இருக்கவேண்டும். சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு வந்தால் அதைவிட நல்லது இல்லை. முன்பெல்லாம் பென்சன் மாமிதான் நேரம் பார்த்துப் பொட்டுக்குள்ளால் வந்து, எங்கள் கிணற்றில் அள்ளிய குடத்தோடு எதிரே நடந்து வருவா. அண்ணை சோதினை எழுதப் போன நாட்களிலும் மாமிதான் வந்தா. இந்த முறை அம்மா போய்க் கேட்டதற்கு, "எனக்கு வர வழியில்லையே" என்று மட்டும் சொன்னாவாம்.

அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. ராகுகாலம் தொடங்கப்போகிறது என்று நிமிடத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "சரி, பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு வெளிக்கிடு" என்றார். அண்ணை அம்மாவின் காலில் விழுந்து எழும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தார்.

அந்தப் பெண் எதிரே வந்துகொண்டிருந்தாள். பின்னால் பிள்ளை, இடுப்பில் வெறுங்குடம்.

"நில்!" என்று அப்பா போட்ட சத்தத்தில் காரோட்டியே வெளியே இறங்கிவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. வெறுங்குடம் எதிரே வந்தால் போகிற காரியம் நாசம் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்படியே விறைத்து நின்றாள். பிறகு குடத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தன்னைக் காணாமல் நாங்கள் போகட்டும் என்று நினைத்தாளாக்கும்.

அப்பா அவளை நோக்கிப் பாய்ந்தார். ஏசப்போகிறார், அவளை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நானும் அப்பாவுக்குப் பின்னால் ஓடினேன். அப்பா அவளுடைய கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினார். திரும்பி வளவுக்குள் ஓடினார். சால்வை விழுந்தது, எடுக்கவில்லை. கிணற்றுக்கட்டில் ஏறி, எங்கள் வாளியால், எங்கள் கயிற்றால், தானே அள்ளினார். அந்தக் குடத்தைத் தன் வேட்டியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாளி விளிம்பு முட்ட முட்ட ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் கண்ணை என்னால் நம்பமுடியவில்லை. தளும்பத் தளும்ப ஒழுங்கைக்குக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார்.

"பிள்ளை, ஒருக்கா எதிர வாம்மா. என்ரை பொடியன் போறான். நீ நல்லாயிருப்பாய் மோனை, ஒருக்கா வா."

மோனை என்றார். என்னைக்கூட எப்போதாவதுதான் அப்படிக் கூப்பிடுவார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். குடத்தை வாங்கினாள். தலைப்பை இழுத்துச் செருகினாள். நெற்றிக் குங்குமம் கலைந்திருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒழுங்கை திரும்பும் முடக்குவரை திரும்பிப் போய், அங்கிருந்து மெல்ல நடந்து வந்தாள். அண்ணை படலையைத் தாண்டிக் கால் வைத்தார். அண்ணையால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார். அவள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி. போற எடத்துல உங்கள யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்கணும்."

அண்ணை அழுதுகொண்டே காரில் ஏறினார். பயணத்துக்காக அழுகிறார் என்று அம்மா நினைத்தா. அண்ணை போய்ச் சேர்ந்ததும், அகதி முகாமில் கிடந்து பட்டதும், இந்தக் குடும்பம் மாரிக்கு முன்னம் கொட்டிலை விட்டு வவுனியாப் பக்கம் போனதும் பிறகு நடந்தவை. அவற்றில் எனக்குப் பாதிதான் ஞாபகம். அந்தக் காலையில் கார் போனபிறகு நடந்தது மட்டும் அப்படியே நிற்கிறது.

கார் கண்டி ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்கும்வரை அவள் குடத்தோடு அசையாமல் நின்றாள். பிறகு எங்கள் வேலியடிக்கு வந்தாள். குடத்தைச் சரித்து, அவ்வளவு தண்ணீரையும் வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலின் அடியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்து, பொதுக் கிணற்றுப் பக்கம் நடந்தாள். எங்களில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா அழத் தொடங்கினா. நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்தபடி, நிலத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி" என்றார். "அநியாயமாய் ஊத்திப்போட்டாள்."